பயிற்சி முடிந்த மறுநாள்

(நூற்றாண்டு விழா வாரத்தில், தாதியராகப் பணிபுரியும் பழைய மாணவிகள் சார்பில் கல்லூரி மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரை)



மேடையில் ஒருத்தி நின்று வாசித்தாலும் இது ஒருத்தியின் பேச்சன்று. இக்கல்லூரியில் படித்துத் தாதியரான ஏழு பேர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கூடியிருந்து பேசி எழுதியது. எங்களில் மூத்தவர் ஓய்வூதியம் பெறுகிறார். இளையவருக்கு நியமனம் கிடைத்து இன்னும் பதினான்கு மாதம் ஆகவில்லை. நேற்று இரவுக் கடமை முடித்து நேரே இங்கு வந்து பின்வரிசையில் இருக்கிறார். அவர் கண்ணயர்ந்தால் எழுப்ப வேண்டாம் என்று பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

நூற்றாண்டு விழாவில் எதைப் பேசுவது என்று சங்கம் கேட்டபோது முதலில் பழைய பெருமையைத்தான் யோசித்தோம். பெருமைக்குக் குறைவில்லை. 1847 இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். யாழ்ப்பாணம் வைத்தியசாலை 1850 இல், அரசாங்க அதிபர் டைக் அவர்களின் காலத்தில் தொடங்கியது. இணுவில் மக்லியோட் வைத்தியசாலை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென்றே எழுந்தது. 1987 ஒக்டோபர் 21 ஆம் திகதி யாழ். வைத்தியசாலைக்குள் கடமையிலிருந்தபடியே கொல்லப்பட்ட வைத்தியர்களையும் தாதியரையும் ஊழியர்களையும் ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூருகிறோம். இவற்றையெல்லாம் எங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த மலரில் எழுதுவார்கள். நாங்கள் பேச வந்தது சிறிய விடயம். பயிற்சி முடிந்த ஒரு பிள்ளையின் முதல் வருடம். எங்கள் பிள்ளைகளில் சிலர் இந்தத் தொழிலை விட்டுப் போவதும், சிலர் உள்ளேயே இருந்து இறுகிப்போவதும் அந்த ஒரு வருடத்தில்தான் தீர்மானமாகின்றன என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஒரு காலத்தில் எங்கள் ஊர்களில் தாதிப் படிப்பு என்றால் வீட்டில் ஒரு சத்தம் நடக்கும். அந்நிய ஆண்களைத் தொட வேண்டும், மலசலம் எடுக்க வேண்டும், இரவில் வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டும், பிறகு யார் கட்டுவது? எங்களில் மூத்தவர் விண்ணப்பப் படிவத்தைத் தகப்பனுக்குத் தெரியாமல் தபாலில் போட்டவர். இன்று அந்தச் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளைக்கு மருத்துவபீடம் கிடைக்காவிட்டால் தாதியம் என்று வீட்டாரே சொல்கிறார்கள். “கிடைக்காவிட்டால்” என்ற அந்தச் சொல் எங்களுக்கு உவப்பில்லை. ஆனாலும் கதவு திறந்திருப்பது நல்லதுதான்.

பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடம், பல்கலைக்கழகம் என்றால் நான்கு வருடம். பிறகு தாதியர் சபையில் பதிவு, நியமனக் கடிதம், புதுச் சீருடை. மாணவியாக இருந்தபோது ஒரு நோயாளிக்குக் கனுலா போடுவதென்றால் பக்கத்தில் ஒருவர் நிற்பார். நியமனம் கிடைத்த மறுநாள் அதே கை, அதே ஊசி. பக்கத்தில் ஒருவரும் இல்லை. நோயாளிக்கும் உறவினருக்கும் நீங்கள் “மிஸ்”. நேற்று வந்தீர்களா, இருபது வருடம் முன்பு வந்தீர்களா என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை.

இந்த அதிர்ச்சி எங்கள் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மார்லீன் கிரேமர் என்ற அமெரிக்கத் தாதியப் பேராசிரியை 1974 இலேயே இதைப் பற்றித் தனி நூல் எழுதினார். பாடசாலையில் கற்றுக்கொண்ட தாதியமும் வாட்டில் நடக்கும் தாதியமும் ஒன்றல்ல என்று கண்டுகொள்ளும் அந்த நாட்களில்தான் பலர் விட்டுப்போகிறார்கள் என்பது அவர் கண்டது. பத்து வருடம் கழித்து, 1984 இல், பற்றீசியா பெனர் தாதியின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்தார். சதுரங்கம் ஆடுவோரையும் விமானம் ஓட்டுவோரையும் ஆராய்ந்து வேறு இருவர் வகுத்த படிகளைத்தான் அவர் தாதியத்துக்குப் பொருத்தினார். அதில் எங்களுக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. பெரிய தேர்ச்சி பெற்ற தாதியும் தான் பழகாத புது வாட்டுக்குப் போனால் திரும்பவும் முதற்படியில்தான் நிற்பாள். இருபது வருடம் பிரசவ வாட்டில் நின்ற எங்களில் ஒருவரை அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியபோது, அங்கே இரண்டு வருட அனுபவமுள்ள பிள்ளையிடம்தான் அவர் இயந்திரங்களைக் கேட்டுப் பழகினார். அந்தப் பிள்ளை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

முதல் இரவுக் கடமையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காலை 7 தொடக்கம் 1, பிற்பகல் 1 தொடக்கம் 7, இரவு 7 தொடக்கம் மறுநாள் காலை 7. இதுதான் அரசாங்க வைத்தியசாலைகளில் எங்கள் நாள். பகலில் ஆறு மணித்தியாலம், இரவில் பன்னிரண்டு. பகலில் வைத்தியர்கள் வருவார்கள், மாணவிகள் வருவார்கள், பொறுப்புச் சகோதரி இருப்பார். இரவில் வாட்டு முழுவதும் ஓரிருவர் கையில். கட்டில் நிறைந்து தரையில் பாய் போட்டவர்களும் இருப்பார்கள். ஒருவருக்கு மூச்சு இழுக்கும், ஒருவரின் சேலைன் முடிந்திருக்கும், ஒரு கிழவி தன் மகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பா. அதே நேரத்தில் புதிதாக ஒருவரைத் தள்ளுவண்டிலில் கொண்டுவந்து விடுவார்கள்.

பாடப் புத்தகத்தில் நோய்கள் ஒவ்வொன்றாக வரும். இரவில் அவை கூட்டமாக வரும். எதை முதலில் செய்வது, எது பத்து நிமிடம் பொறுக்கும், எது பொறுக்காது? இதை ஒருவரும் எழுதிக் கொடுப்பதில்லை. இரண்டு மணிக்கு வைத்தியரை எழுப்புவதா வேண்டாமா என்பதே ஒரு பெரிய கேள்வி. எழுப்பினால் “இதுக்கெல்லாமோ எழுப்புறது?” எழுப்பாவிட்டால் காலையில் “ஏன் எழுப்பேல்லை?”

முதல் மரணமும் பெரும்பாலும் இரவில்தான். உடலைத் துடைத்து, குழாய்களைக் கழற்றி, வெள்ளைத் துணி போர்த்தி, உறவினரிடம் சொல்லி, பதிவு எழுதி, பிரேத அறைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த கட்டிலுக்கு மருந்து கொடுக்கப் போக வேண்டும். நேரம் தவறக்கூடாது. எங்கள் இளையவர் சொன்னார்: கை நடுங்கவில்லை, அழுகையும் வரவில்லை, ஆனால் காலையில் பஸ்ஸில் வரும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாராம். அன்று ஒருவர், ஒரே ஒருவர், “பிள்ளை, உனக்கு இது முதல் தரமோ?” என்று கேட்டிருந்தால் போதும் என்றார். ஒருவரும் கேட்கவில்லை.

இனி நாங்கள் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறோம். எங்களில் ஒருவர், பெயரும் இடமும் சொல்லாமல் விடுகிறோம், நியமனமான இரண்டாவது கிழமை ஒரு மருந்தின் அளவைப் பற்றி மூத்த தாதியிடம் கேட்டார். நோயாளிகள் முன்னிலையில் கிடைத்த பதில்: “உதுகூடத் தெரியாமலோ பாஸ் பண்ணினனீ?” வாட்டே திரும்பிப் பார்த்தது. ஒரு நோயாளி அன்று முதல் அவர் கையால் ஊசி போட மறுத்தார். பிறகு ஆறு மாதம் அவர் அந்த மூத்தவரிடம் எதையும் கேட்கவில்லை. கைத்தொலைபேசியில் தேடினார், மலசலகூடத்துக்குள் போய் நின்று தோழிக்கு அழைத்துக் கேட்டார். தோழியும் புதியவர்தான்.

இதை மனம் நொந்த கதையாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கணக்குச் சொல்கிறோம். ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு உள்ள இன்சுலினில் 10 அலகு கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறது. அது 0.1 மில்லிலீற்றர். இன்சுலினுக்கென்று உள்ள சிரிஞ்சில் அலகு குறித்திருக்கும், பயமில்லை. அது தீர்ந்துபோய் சாதாரண 1 மில்லிலீற்றர் சிரிஞ்சை எடுத்து, குழப்பத்தில் அதை நிரப்பினால் உள்ளே போவது 100 அலகு. பத்து மடங்கு. இன்னொன்று, பொற்றாசியம் குளோரைட்டு. செறிவான அந்தக் கரைசலை ஐதாக்காமல் நேரே நாளத்துக்குள் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். ஊசிமருந்து கலக்கும் நீரும் அதைப் போலவே நிறமற்றது. இரவு மூன்று மணிக்கு மங்கலான வெளிச்சத்தில் இதைப் பிரித்தறிய வேண்டியவர் இருபத்து நான்கு வயதுப் பிள்ளை. “அக்கா, எனக்கு இது நிச்சயமில்லை, ஒருக்காப் பாருங்கோ” என்று அவர் சொல்லக்கூடிய வாட்டில் நோயாளி தப்புவார். அப்படிச் சொல்ல வெட்கப்படும் வாட்டில் எல்லாம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தாதியின் மனநலம் என்று பேசினால் சிலர் அதைச் செல்லம் கொடுப்பதாக நினைக்கிறார்கள். நாங்கள் பேசுவது உங்கள் அம்மாவின் இன்சுலினைப் பற்றி.

ஏன் மூத்தவர்கள் இப்படி இருக்கிறார்கள்? அவர்களும் நல்ல பிள்ளைகளாக வந்தவர்கள்தானே. இசபெல் மென்சிஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் இலண்டனில் ஒரு போதனா வைத்தியசாலையை ஆராய்ந்து 1960 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அங்கே பயிற்சிக்கு வந்த மாணவிகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் முடிக்காமலே போய்க்கொண்டிருந்தார்கள். நோவும் சாவும் தரும் பதற்றம் தன்னைத் தாக்காமலிருக்க வைத்தியசாலையே ஒரு வேலிபோட்டுக்கொள்கிறது என்றார் அவர். ஒரு தாதிக்கு ஒரு நோயாளி என்றில்லாமல் வேலையைத் துண்டு துண்டாக்கி எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பது. நோயாளியைப் பெயர் சொல்லாமல் “பத்தாம் கட்டில் ஈரல்” என்று சொல்வது. உணர்ச்சி காட்டுபவரைக் கண்டிப்பது. எங்கள் வாட்டுகளிலும் “பத்தாம் கட்டில்” உண்டு. படித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. அந்த வேலி ஒருவரையும் காப்பாற்றவில்லை என்பதுதான் மென்சிஸின் முடிவு. பதற்றம் உள்ளேயே கிடந்தது, புதிதாக வந்தவர்கள் மேல் இறங்கியது.

“நாங்கள் பட்டனாங்கள்தானே, அவையும் படட்டும்” என்பது வேறு. பகிடிவதைக்கு எதிராக 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களுக்கு உண்டு. அதே செயல் வாட்டு வாசலைத் தாண்டியதும் “பழக்குதல்” ஆகிவிடுகிறது. கண்டிப்பு வேண்டும், அதை நாங்கள் மறுக்கவில்லை. கை கழுவாமல் காயம் கட்டப் போகும் பிள்ளையை அந்த இடத்திலேயே தடுக்கத்தான் வேண்டும். தடுத்த பிறகு தனியே கூட்டிப்போய்ச் சொல்லலாம்.

இவ்வளவும் சொல்லி, பழியை முழுக்க மூத்த தாதியர் தலையில் போட்டால் அது அநியாயம். லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2002 இல் வெளியிட்டது உலகமெங்கும் தாதியர் மேற்கோள் காட்டும் ஆய்வு. சத்திரசிகிச்சை நோயாளிகளைப் பொறுத்தவரை, ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடும்போது, முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. தாதி மனமொடிந்து களைத்துப்போகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. அங்கே அவர்கள் பேசியது ஒரு தாதிக்கு நான்கு நோயாளி, எட்டு நோயாளி என்ற கணக்கு. எங்கள் இரவுகளின் கணக்கை வாட்டில் படுத்திருந்தவர்கள் அறிவார்கள். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அனுபவமுள்ள தாதியர் பலர் வெளிநாடு போனார்கள். அவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் வராது. எங்களில் ஒருவரின் தங்கையும் போனார். ஆனால் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நடுவயதுத் தாதிதான் அப்படிப் போனவர். அன்பான ஒரு சொல் ஆட்பற்றாக்குறையைத் தீர்க்காது. அது அமைச்சின் வேலை, தொழிற்சங்கத்தின் வேலை, அதற்கான இடத்தில் அதைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

தாதியத்துக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு உடலைப் பற்றிச் சில சொல்கிறோம், வகுப்பில் கேட்டிருந்தாலும் இன்னொருமுறை கேளுங்கள். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று முறைகளையும் வாட்டுக்குப் போக முன்பே போட்டு முடியுங்கள். தடுப்பூசி போடாதவருக்கு, அந்நோயுள்ளவரின் இரத்தம்பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பது வரை போகலாம். எச்.ஐ.வி. என்றால் ஆயிரத்துக்கு மூன்றளவில்தான். பிள்ளைகள் பயப்படுவது மாறித்தான் இருக்கிறது. பாவித்த ஊசிக்கு மூடியைத் திருப்பிப் போடாதீர்கள். குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம், சவர்க்காரமும் ஓடும் நீரும் போட்டுக் கழுவுங்கள், உடனே அறிவியுங்கள். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள், இயன்றால் முதல் சில மணித்தியாலங்களுக்குள்ளேயே, தொடங்க வேண்டும். 28 நாள் எடுக்க வேண்டும். “ஏச்சு விழும்” என்று ஊசி குத்தியதை மறைத்த பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். ஏச்சு ஒரு நாளில் போய்விடும்.

தண்ணீர் குடியுங்கள். மலசலகூடம் போக நேரமில்லை என்று தண்ணீரைக் குறைத்துச் சிறுநீர்த் தொற்றில் படுத்தவர்கள் எங்களில் மூன்று பேர். நோயாளியைத் தனியே தூக்காதீர்கள். சிற்றூழியர் வரும்வரை இரண்டு நிமிடம் நில்லுங்கள், அந்த முதுகு முப்பது வருடத்துக்கு வேண்டும். இரவுக் கடமை முடிந்து வந்த பிள்ளையை “பகலிலை என்ன நித்திரை?” என்று கேட்கும் வீடுகளுக்கும் இதைச் சொல்கிறோம். அறையை இருட்டாக்கிக் கொடுங்கள், கதவைத் தட்டாதீர்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தெற்கில் நியமனம் கிடைக்கிறது. படித்தது ஆங்கிலத்தில், வாட்டு நடப்பது சிங்களத்தில். நோயாளி வலி எங்கே என்று சொல்வது புரியாமல் நிற்பது எவ்வளவு தனிமையென்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும். அதே தனிமையுடன் எங்கள் வைத்தியசாலைகளில் சிங்களப் பிள்ளைகள் நிற்கிறார்கள், “எங்கே நோகுது?” என்ற இரண்டு சொல்லைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு. அவர்களுக்கு ஒரு தேத்தண்ணீர் ஊற்றிக்கொடுத்த வீடுகளும் எங்கள் ஊரில் உண்டு.

கடைசியாக, சங்கத்திடம் நாங்கள் கேட்பவை. நூற்றாண்டு நிதியில் பெரிய தொகை எதுவும் நாங்கள் கேட்கவில்லை. நுழைவாயில் வளைவு கட்டுவதென்றால் கட்டுங்கள், அழகாகத்தான் இருக்கும். எந்த வைத்தியசாலையில் எங்கள் பழைய மாணவிகள் யார் யார் பணிபுரிகிறார்கள் என்று ஒரு பட்டியல் வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கண்டியிலோ களுத்துறையிலோ நியமனம் வந்தால், போய் இறங்கும் நாளன்றே அவளுக்கு ஒரு அக்காவின் தொலைபேசி இலக்கம் கையில் இருக்க வேண்டும். முதற் சம்பளம் கைக்கு வரச் சுணங்கும். அதுவரை அறை வாடகைக்கு ஒரு சிறு கடன், வட்டியில்லாமல். உயர்தரப் பரீட்சைக்கும் பயிற்சிக்கான அழைப்புக்கும் இடையில் பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கும் மாதங்களில் பேச்சுச் சிங்கள வகுப்பு. கற்பிக்க எங்களில் இருவர் ஆயத்தம். மண்டபத்துச் சுவரில் வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. தாதியருக்கும் ஒரு பலகை தொங்கவிடலாம், இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டோம்.

முதல் வருடத்துப் பிள்ளை அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தால், பெற்றோர்களே, “விட்டிட்டு வா” என்றும் சொல்லாதீர்கள், “எல்லாரும் பொறுக்கினம்தானே” என்றும் சொல்லாதீர்கள். சாப்பிட்டாளா, எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டாள் என்று முதலில் கேளுங்கள். பிறகு அவள் சொல்லட்டும். அவளை அவமானப்படுத்துகிறார்கள், அடிக்க வருகிறார்கள், தவறாக நடக்கப் பார்க்கிறார்கள் என்றால் அது பொறுக்கிற விடயமே இல்லை. திகதி, நேரம், நின்றவர்கள் பெயர் எல்லாம் எழுதி வைக்கச் சொல்லுங்கள், எங்களிடமும் சொல்லுங்கள்.

விழா முடிந்ததும் நூலகக் கதவடியில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். மேசையில் கொப்பி ஒன்று இருக்கும். தாதியராக இருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்களும்கூட, பெயர், படித்து விலகிய வருடம், வைத்தியசாலை, தொலைபேசி இலக்கம் நான்கையும் எழுதிவிட்டுப் போங்கள். இங்கே வராத தோழிகளின் விபரம் தெரிந்தால் அவர்களிடம் ஒருசொல் கேட்டுவிட்டு அதையும் எழுதுங்கள். இந்த வருடம் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் நால்வர் என்று அதிபர் சொன்னார். அவர்களையும் அந்த மேசைக்கு வரும்படி அழைக்கிறோம். வடையும் தேநீரும் உண்டு.